பத்து-பதினொன்று ஸ்பேனர்

"சார், ஒண்ணு கொறையுதுங்க சார்."

சொன்னவர் சார்ஜென்ட் வீரையா. இடம், வடக்கே ஒரு விமானத் தளம். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கொட்டகையின் தகரக் கதவுகளில் பனிநீர் வழிந்துகொண்டிருந்தது. விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடையும், யாரோ அடுப்பில் வைத்து மறந்துவிட்ட டீயின் வாடையும் சேர்ந்து அடித்தன. வீரையாவுக்குப் பின்னால் சுவரில் கருவிப் பலகை.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விமானத்தைப் பழுது பார்க்கும் ஸ்பேனர், திருப்புளி, குறடு எல்லாவற்றையும் ஒரு பெரிய பலகையில் மாட்டி வைப்போம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தை அச்சு அசலாகக் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருப்பார்கள். கருவியை எடுத்தால் கறுப்பு தெரியும். வேலை முடிந்து எல்லாம் திரும்பி வந்துவிட்டால் கறுப்பு மறைந்துவிடும். மறையவில்லை என்றால் அந்தக் கருவி ஏதோ ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அது கிடைக்கும்வரை, முந்தைய ஷிப்டில் கைவைத்த எந்த விமானமும் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. சட்டம் அதுதான்.

அன்று பலகையில் ஒரே ஒரு கறுப்பு. பத்து-பதினொன்று ஸ்பேனர். ஒரு முனை பத்து மில்லிமீட்டர், மறுமுனை பதினொன்று; உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான்.

நான் அந்தப் பிரிவின் தலைமை அதிகாரி. அன்று பகலில், மேலிடத்திலிருந்து வந்திருந்த பெரிய ஆட்கள் முன்னால் நான்கு விமானங்கள் அணிவகுத்துப் பறக்க வேண்டும். முதல் விமானம் என்னுடையது. "கொறையுது" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொலைந்த ஸ்பேனர் மீது வர வேண்டிய கோபம், அதைச் சொன்ன மனிதர் மீது வந்தது.

இந்தக் காட்சியைப் போன வாரமே இந்தத் தொடரில், இதே பக்கத்தில் எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: "கட்டுமாவடிக்காரரான ஒரு சார்ஜென்ட் ஸ்பேனரைத் தொலைத்துவிட்டார். தேடினோம், கிடைக்கவில்லை. துணிந்து பறந்தேன். கைதட்டல் வாங்கினேன். கவனக்குறைவுக்கு உரிய தண்டனையையும் கொடுத்தேன்." இப்படி எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அதில் பாதி பொய். மீதி, பொய்க்குப் போட்ட அலங்காரம்.

ஒரு கார்டு வந்தது

பத்திரிகை அலுவலகத்திலிருந்து வழக்கம்போல வாசகர் கடிதக் கட்டு வந்தது. பாராட்டுகளைத்தான் முதலில் படிப்பேன். மறைப்பானேன், கடைசியிலும் அவற்றைத்தான் படிப்பேன். நடுவில் ஒரு அஞ்சல் கார்டு இருந்தது. கட்டம் போட்டதுபோல நேரான கையெழுத்து.

"ஐயா, ஸ்பேனரைத் தொலைத்தவன் நான் இல்லை. தொலைந்ததைச் சொன்னவன் நான். இது தங்களுக்குத் தெரியும். வீரையா, கட்டுமாவடி."

படித்ததும் வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். கோபம்தான் வந்தது. எனக்கே கார்டா? ஏர் கமடோராக ஓய்வு பெற்றவனுக்கு, ஊரே கூப்பிட்டுச் சால்வை போடுகிறவனுக்கு, ஒரு சார்ஜென்ட் திருத்தம் அனுப்புவதா?

கார் சாவியைத் தேடினேன். எனக்குக் கோபம் வந்தால் கார் சாவியைத் தேடுவேன் என்பது என் மனைவி கோமதிக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே தெரியும். அப்போது ஸ்கூட்டர் சாவி.

"சாவி சாமி படத்துக்குக் கீழ இருக்கு," என்றாள். கார்டை அவளும் படித்துவிட்டிருந்தாள். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்த மனுசர் எழுதுனது பொய்யா?"

"நேர்ல போய்ப் பேசிக்கிறேன்."

"பொய்யான்னுதான கேட்டேன்."

சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினேன்.

இலுப்பூரில் ஒரு பிளெக்ஸ்

எங்கள் கிராமம் இலுப்பூர் பக்கம். கடைவீதியைத் தாண்டும்போது என் முகம் என்னையே பார்த்தது. போன மாதம் நடந்த பாராட்டு விழாவுக்கு வைத்த பிளெக்ஸ், இன்னும் எடுக்கவில்லை. "விண்ணை வென்ற வேங்கையே" என்று போட்டிருந்தார்கள். வேங்கையின் மூக்கில் யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியிருந்தார்கள். அந்த ஒரு ஆள் மட்டும்தான் என்னைச் சரியாக எடைபோட்டிருக்கிறார் என்று இன்று தோன்றுகிறது. அன்று அதற்கும் கோபப்பட்டேன்.

எனக்கு இந்த விழாக்கள் மீதே ஆத்திரமாக வருகிறது. மேடையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டால் மனிதன் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். "நான் பயந்ததே இல்லை" என்று ஒரு மேடையில் சொன்னேன். பயப்படாத விமானி உயிரோடு ஓய்வு பெற மாட்டான். அது எனக்கும் தெரியும், என்னோடு பறந்த எல்லோருக்கும் தெரியும். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது, அதனால் சொன்னேன். பிறகு அதே குரலில் இந்தத் தொடரையும் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

புதுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி சாலையில் போகும்போது கோபம் கொஞ்சம் இறங்கி, வீரையாவை முதலில் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது.

அங்கிட்டு

அந்தத் தளத்தில் இந்தியும் ஆங்கிலமும்தான். ஒரு குளிர் காலையில் விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து போனேன். "சார், அங்கிட்டுப் போகாதீங்க, எண்ணெ கொட்டிக் கெடக்கு" என்று ஒரு குரல். தன்னை மறந்து தமிழில் கத்திவிட்டார். என்னைத் தமிழன் என்றே அவருக்குத் தெரியாது.

"அங்கிட்டா? எந்த ஊருய்யா நீ?"

"கட்டுமாவடி சார்."

"நான் இலுப்பூர் பக்கம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவே தமிழ் ஓடியது. விடுமுறைக்குப் போய் வரும்போதெல்லாம் கோமதிக்குக் கருவாடு கொண்டுவந்து கொடுப்பார். அதை வறுத்தால் குடியிருப்பே எங்கள் வீட்டை முறைக்கும். என் விமானத்தை வீரையா பார்த்துவிட்டார் என்றால் நான் மறுபடி பார்க்க மாட்டேன். ஒருவர் கையை நம்பி வானத்துக்குப் போவது என்றால் என்ன என்று, போனவனுக்குத்தான் தெரியும்.

ஸ்பேனர் விவகாரத்துக்குப் பிறகு வீரையா என்னிடம் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசவில்லை. "யெஸ் சார்." "நோ சார்." இந்த இரண்டு மட்டும்தான். நான் மாற்றலாகிப் போகும் நாள் வரை அப்படியே இருந்தார்.

கட்டுமாவடியில்

மீன் ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டாலும் பட்டறைக்கு வழி சொன்னார்கள். தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகை. உள்ளே ஒரு படகின் டீசல் இஞ்சின் பிரிந்து கிடந்தது. வீரையா முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார். தலை முழுக்க நரை.

நான் வந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கையிலிருந்த வேலையை முடித்து, நட்டைக் கடைசிச் சுற்றுவரை இறுக்கி, ஸ்பேனரைத் துடைத்து, சுவரில் மாட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

சுவரைப் பார்த்தேன். பிளைவுட் பலகை. ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் கறுப்புப் பெயிண்டில் அதன் உருவம்.

"யெஸ் சார்," என்றார். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவன், எடுத்த எடுப்பில் அசட்டுத்தனமாக ஆரம்பித்தேன். "நான் உங்க பேரை எழுதலையே வீரையா."

"நோ சார்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கார்டு?"

பின்னாலிருந்து அவர் மகள் செல்வி வந்தாள். மணமேல்குடியில் பள்ளி ஆசிரியை. "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். போட்டுவிட்டுத்தான் சண்டைக்கு வந்தாள்.

"கட்டுமாவடியிலேருந்து விமானப்படைக்குப் போன சார்ஜென்ட் எத்தன பேரு சார் இருக்காங்க? பேரு எழுதலையாம்ல. எங்க ஸ்டாப் ரூம்ல ஒரு டீச்சர் சத்தமா வாசிச்சாங்க. 'இது ஒங்க ஊராச்சே, யாருன்னு தெரியுமா'ன்னு என்னையவே கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"செல்வி," என்றார் வீரையா.

"இருங்கப்பா. முந்தாநாளு ஒரு படகுக்காரரு வந்தாரு சார். வருசக்கணக்கா அப்பாட்டத்தான் இஞ்சின் விடுவாரு. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி மூடியத் தெறந்து டார்ச் அடிச்சுப் பாக்குறாரு. அப்பா பக்கத்துலயே நிக்கிறாங்க. என்ன தேடுறீங்கன்னு கேட்டா, 'சும்மா, ஸ்பேனர் கீனர் கெடக்கான்னு பாத்தேன்'னு சிரிக்கிறாரு. அன்னைக்கிலேருந்து அப்பா டீக்கடைப் பக்கம் போகல."

"செல்வி, உள்ள போம்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "ஸாரி சார்," என்றார்.

அந்த "ஸாரி சார்" என்னை அடித்துப் போட்டது. "தமிழ்ல பேசுங்க வீரையா," என்று கத்திவிட்டேன். "திட்டணும்னா திட்டுங்க. தமிழ்ல திட்டுங்க."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எண்ணெய் நகக்கண்களில் ஊறிப்போன கைகள்.

"திட்டுறதுக்கு என்ன சார் இருக்கு," என்றார். "முந்துன ஷிப்டுக்காரன் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதி வச்சுட்டு லீவுல ரயிலேறிட்டான். நானும் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எண்ணிப் பாத்தேன், கொறைஞ்சுச்சு, வந்து சொன்னேன். அதுக்கு என் தாள்ல செவப்பு மை. சரி, அன்னைக்கு ஒங்களுக்கு மேல ஆளுங்க இருந்தாங்க, நெருக்குனாங்க. அத விட்டுட்டேன் சார், எப்பவோ விட்டுட்டேன்."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப ஒங்களுக்கு மேல யாரு சார் இருக்கா? போன வாரம் ஒங்கள யாரு நெருக்குனா?"

நான் எழுதாமல் விட்டது

போன வாரம் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வழக்கப்படி, ஷிப்டுக்கு வருகிறவர் முதலில் கருவி அறைச் சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். பிறகு உள்ளே போய் எண்ணுவார். சாவி இல்லாமல் எப்படி எண்ணுவது? ஆனால் காகிதத்தில், சாவி கைமாறிய நொடியிலிருந்து கருவிகள் எல்லாம் வந்தவர் பொறுப்பு. வீரையா சாவி வாங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சில நிமிடங்களை வைத்துத்தான் அவரை மாட்டிவிட்டேன்.

மூன்று விமானங்களுக்குள்ளும் தேடி முடித்தார்கள். மிச்சம் என்னுடையது. "சீட்டைக் கழட்டிப் பாக்கணும் சார், இல்லாட்டி தெரியாது," என்றார் வீரையா. விமானி உட்காரும் சீட்டைக் கழற்ற அரை நாள் ஆகும். நேரமில்லை என்றேன். அப்படியென்றால் விமானம் பறக்கத் தகுதி என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். இத்தனை பேர் முன்னால் என்னிடம் முடியாது என்றார். இன்னொருவரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவர் பார்க்காமலே போட்டார்.

பறந்தேன். இடது பக்கம் திரும்பும்போது விமானத்தைச் செலுத்தும் கைப்பிடி ஒரு நொடி இறுகி, பிறகு விட்டது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் ஸ்பேனரைத் தொலைத்தவர் என்று ஒரு பெயர் வேண்டும் என்று மேலேயிருந்து கேட்டார்கள். லீவில் போனவரை ரயிலிலிருந்து இறக்கிக் கூப்பிட வேண்டும், விசாரிக்க வேண்டும். கையருகில் இருந்த பெயர் வீரையா. முடியாது என்று சொன்ன பெயரும் அதுதான். அவருடைய நடத்தைத் தாளில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன். எங்கள் வேலையில் சிவப்பு மை விழுந்த தாள் மேலே ஏறாது. அடுத்து அவர் வாரண்ட் ஆபீசர் வரிசைக்குப் போக வேண்டியவர். கடைசிவரை சார்ஜென்டாகவே இருந்து ஊர் திரும்பினார்.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. இதை கோமதியிடம்கூடச் சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழித்து, வழக்கமான சோதனைக்காக என் விமானத்தின் சீட்டைக் கழற்றினார்கள். பத்து-பதினொன்று ஸ்பேனர் சீட்டுக்குப் பின்னால், கைப்பிடியிலிருந்து போகும் கம்பியை ஒட்டினாற்போலக் கிடந்தது. கம்பியில் அது உரசிய கோடு புதிதாக மின்னியது. எடுத்தவர் வீரையா. பழந்துணியில் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்து மேசைமேல் வைத்தார்.

நான் என்ன செய்தேன்? "சரி, போ" என்றேன்.

மேலே போன கோப்பைத் திரும்பக் கேட்டால், தேடி முடிக்காமல் பறந்தது நான் என்று தெரிந்துவிடும். என் பதவி உயர்வு அப்போது பேச்சில் இருந்தது. ஸ்பேனர் பலகைக்குத் திரும்பியது, கறுப்பு மறைந்தது. வீரையாவின் தாளில் சிவப்பு அப்படியே இருந்தது. நான் குரூப் கேப்டன் ஆனேன். பிறகு ஏர் கமடோர் ஆனேன். பிறகு வேங்கை ஆனேன்.

என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. அன்று செய்தது கோழைத்தனம். அதற்காவது வயதும் ஆசையும் சாக்காக இருந்தன. இத்தனை வருடம் கழித்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் சாவகாசமாக உட்கார்ந்து, அதே பொய்யை இன்னொரு தடவை எழுதினேனே, இதற்கு என்ன பெயர்?

சால்வை வேண்டாம்

பட்டறையில் அன்று என்னென்னவோ சொன்னேன். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். இலுப்பூரில் ஒரு விழா வைத்து, மேடையில் உங்களுக்குச் சால்வை போட்டு, எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

"சால்வையா?" வீரையா முதன்முறையாகச் சிரித்தார். "இந்தப் புழுக்கத்துலயா சார்? பழுது எங்க இருக்கோ அங்கதான சார் கை வைக்கணும். புஸ்தகத்துல எழுதுனீங்க, அதே புஸ்தகத்துல எழுதுங்க. அந்தப் படகுக்காரரு அதத்தான் படிச்சாரு."

"எழுதுறேன். உங்க பேரைப் போட்டே எழுதுறேன். எழுதிட்டா, சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

எங்கள் வேலையில் பழுதை நீக்கியவர் ஒரு கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் வந்து சோதித்துப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுவார். இரண்டாவது விழுந்தால்தான் விமானம் கிளம்பும். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

"அச்சாகி வரட்டும் சார், படிச்சுப் பாக்குறேன்," என்றார். "பாக்காம கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல."

வீட்டுக்கு வந்து, கோமதி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். "அந்தக் கருவாட்டத் தின்னமே," என்றாள்.

இந்த அத்தியாயத்தை இதுவரைக்கும் எழுதி அனுப்பியதும் ஆசிரியர் போன் செய்தார். நல்ல மனிதர். "சார், வாசகருங்க ஒங்கள ஹீரோவா வச்சிருக்காங்க. இத எதுக்கு இவ்வளவு விரிவா? தொடர் முடியும்போது ஒரு வரியில வருத்தம் தெரிவிச்சுக்கலாமே," என்றார். அவரிடமும் கத்தினேன். ஒரு வரியில்தான் நான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். சரிசெய்ய ஒரு வரி போதாது. ஒரு சொல்லைக் குறைத்தாலும் தொடரை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விமானத்தின் பதிவேட்டில் எழுதுவதுபோலவே முடிக்கிறேன். எனக்கு ஒழுங்காக எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பழுது: ஸ்பேனரைத் தொலைத்தவர் கட்டுமாவடி சார்ஜென்ட் என்று போன வாரம் இதே பக்கத்தில் அச்சானது. அது பொய்.

காரணம்: எழுதியவனின் கோழைத்தனம். அன்றும், போன வாரமும்.

நீக்கியது: கட்டுமாவடி வீரையா ஸ்பேனரைத் தொலைக்கவில்லை. எண்ணிப் பார்த்தவர் அவர், குறைகிறது என்று சொன்னவர் அவர், பார்க்காமல் கையெழுத்துப் போட மறுத்தவர் அவர், கடைசியில் கண்டெடுத்தவரும் அவர். நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவது ஸ்பேனர் சரிந்த பக்கத்தைப் பொறுத்த அதிர்ஷ்டம். என் கெட்டிக்காரத்தனம் எதுவும் அதில் இல்லை.

பழுது நீக்கியவர் கையெழுத்து: போட்டுவிட்டேன்.

சோதித்தவர் கையெழுத்து: